பிரின்ட்லைன் போட்டா லாக்கிங் ஆயிடுமா?

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கான ரெஜிஸ்ட்ரேஷன் வெப்சைட்டை ஸ்பிரிங் பூட்டில் நாங்களே எழுதினோம். நாலு பேர் டீம். "வெளியே காசு கொடுத்து வாங்கணுமா, நாமளே பண்ணிடலாம்"னு முதல்ல சொன்னது நான்தான். நிகழ்ச்சி அன்னிக்குக் காலையில, தேனியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு ஃபர்ஸ்ட் இயர் தங்கச்சி, பணம் கட்டின ஸ்கிரீன்ஷாட்டோட டெஸ்க் முன்னாடி நின்னாங்க. எங்க லிஸ்ட்டில் அவங்க பேர் இல்லை. அவங்களுக்குப் பின்னாடி அதே கதையோட இன்னும் சிலர்.

எந்த இடத்தில் தப்பு நடந்தது? எங்க நாலு பேருக்கும் தெரியல. கோட் முழுக்க சிஸ்டம் அவுட் பிரின்ட்லைன், கேட்ச் பிளாக்கில் பிரின்ட் ஸ்டேக் ட்ரேஸ். அதெல்லாம் டெர்மினலில் ஓடிக்கிட்டிருந்துச்சு. முந்தின நாள் ராத்திரி சர்வரை ரீஸ்டார்ட் பண்ணி, அந்த விண்டோவை மூடிட்டோம். எல்லாம் போச்சு. பணம் கட்டினவங்களையே "ஸ்கிரீன்ஷாட் போலியா இருக்குமோ"ன்னு சந்தேகப்பட்டு உட்கார வைச்சோம். பேங்க் ஸ்டேட்மென்ட்டை வரிவரியாப் பார்த்து முடிக்க மத்தியானம் ஆயிடுச்சு. அதுக்குள்ள அவங்க கலந்துக்க வந்த பேப்பர் பிரசென்டேஷன் முடிஞ்சிருந்துச்சு.

மாட்டுத்தாவணியில் டைம் கீப்பர் ஒருத்தர் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போ வந்தது, எப்போ கிளம்புச்சுன்னு எழுதி வைக்கிறார். நாளைக்கு யாராவது "அந்த பஸ் வரவே இல்லை"ன்னு சொன்னா, நோட்டைத் திறந்து பார்க்கலாம். எங்க சர்வருக்கு அப்படி ஒரு நோட்டு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

சரி, நோட்டு வைக்கணும்னு முடிவு பண்ணியாச்சு. எந்த நோட்டு? ஜாவாவில் இதுக்குப் பெரிய கடையே இருக்கு. 2002-ல் ஜாவா 1.4-ஓடயே வந்த ஜாவா யூட்டில் லாக்கிங் ஒண்ணு. அதுக்கு முன்னாடியே புழக்கத்தில் இருந்த லாக்4ஜே. அதை ஆரம்பிச்ச ஜெகி குல்ஜு பிறகு எழுதினவைதான் எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக் ரெண்டும். அப்புறம் அப்பாச்சி புதுசா எழுதி 2014-ல் வெளியிட்ட லாக்4ஜே 2. இதில் எது பெஸ்ட்டுன்னு ஹாஸ்டலில் விடிய விடிய சண்டை போடலாம். என் கருத்து சிம்பிள்: கோடில் எஸ்எல்எஃப்4ஜே மட்டும் தெரியணும், பின்னாடி லாக்பேக் இருக்கட்டும்.

காரணம் சொல்றேன். எஸ்எல்எஃப்4ஜே தானா எதையும் எழுதாது. அது சுவத்தில் இருக்கிற ப்ளக் பாயின்ட் மாதிரி. நம்ம கிளாஸ் எல்லாம் அதில்தான் செருகியிருக்கும்; பின்னாடி ஈபி லைனா, இன்வெர்ட்டரான்னு கிளாஸுக்குத் தெரிய வேண்டாம். நாளைக்கு லாக்பேக்கை எடுத்துட்டு லாக்4ஜே 2 போடணும்னா, டிபெண்டென்சியும் கான்ஃபிகரேஷன் ஃபைலும் மாறும். இருநூறு கிளாஸில் கை வைக்க வேண்டாம். ஸ்பிரிங் பூட் வெப் ஸ்டார்ட்டர் போட்டாலே இந்த ரெண்டும் கூடவே வந்துடும். தனியா டவுன்லோடு பண்ணக்கூட வேண்டாம்.

"லாக்4ஜே 2 வேகமாச்சே"ம்பாங்க. உண்மை. அதோட அசிங்க் லாக்கர் செம வேகம். ஆனா சிம்போசியம் சைட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரப்போறாங்க? நம்ம சர்வர் தடுமாறுறது டேட்டாபேஸ் கொய்ரியில, லாக்கில் இல்லை. அளந்து பார்த்து, லாக்தான் இழுக்குதுன்னு தெரிஞ்சா அப்போ மாத்திக்கலாம்.

மாத்தும்போது ஒரு விலை உண்டுன்னு 2021 டிசம்பர் காட்டிச்சு. லாக்4ஜே 2-ல் 2013-லேயே சேர்த்த ஒரு வசதி: லாக்கில் எழுதப்போற வரியில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் ஜேஎன்டிஐ முகவரி இருந்தா, லைப்ரரியே அந்த முகவரிக்குப் போய்த் தேடும். யூசர் டைப் பண்ற பெயரை லாக் பண்றோம். அந்தப் பெயருக்குப் பதிலா ஒருத்தன் தன் சர்வர் முகவரியை டைப் பண்ணா? அவன் கோட் நம்ம மெஷினில் ஓடும். லாக்4ஷெல்னு பேர் வைச்சாங்க. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவிலிருந்து நவம்பர் 24-ல் தகவல் போச்சு. டிசம்பர் முடியறதுக்குள்ள 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1-ன்னு நாலு வெளியீடு. அதைச் சரி பண்ணவங்கள்ல பெரும்பாலானவங்க சம்பளமில்லாத தன்னார்வலர்கள்.

ஸ்பிரிங் பூட்டில் டிஃபால்ட்டா வர்ற லாக்பேக்கை மாத்தாம விட்டவங்களுக்கு இந்த ஓட்டை இல்லை. அதுக்காக லாக்பேக் புனிதம்னு சொல்ல வரல. அதே மாசம் அதிலும் ஒரு ஓட்டையை அடைச்சாங்க. அதைப் பயன்படுத்த கான்ஃபிகரேஷன் ஃபைலைத் திருத்தும் அனுமதி வேணும்ங்கறதால ஆபத்து குறைவு. நான் சொல்றது இதுதான்: எந்த லைப்ரரியை எடுத்தாலும் அதோட வெர்ஷன் என்னன்னு தெரிஞ்சிருக்கணும். லாக்4ஜே 1-க்கு 2015 ஆகஸ்ட்டோட ஆதரவு நின்னுடுச்சு. நம்ம லேபில் கைமாறி கைமாறி வர்ற பழைய புராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து பாருங்க, அந்த ஜார் இன்னும் உள்ள உட்கார்ந்திருக்கும்.

"ஒரு மினி புராஜெக்ட்டுக்கு இவ்வளவு அலட்டலா?"ன்னு கேக்கறது காதில் விழுது. நியாயமான கேள்வி. நீங்க மட்டும் ஓட்டிப் பார்க்கிற அசைன்மென்ட்டுக்கு பிரின்ட்லைன் போதும், நானும் அதைத்தான் போடுறேன். ஆனா அடுத்தவங்க காசும் நேரமும் உள்ள வந்த நிமிஷம் அது மினி புராஜெக்ட் இல்லை. இலந்தைகுளத்துலயோ சென்னையிலயோ வேலைக்குப் போனாலும் இது துரத்தும்: 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைச்சிருக்கணும்.

அதுக்காக எல்லாத்தையும் கொட்டி வைக்காதீங்க. ஓடிபி, பாஸ்வேர்டு, முழு போன் நம்பர் எதுவும் லாக்கில் வரவே கூடாது. லாக் ஃபைலை யார் யாரோ திறப்பாங்க. பணம் வந்த இடம், டேட்டாபேஸில் பதிவான இடம், தப்பான இடம், இந்த மூணிலும் ஆர்டர் ஐடியோட ஒரு வரி. தப்புன்னா எரர், சந்தேகம்னா வார்ன், சாதாரணம்னா இன்ஃபோ. தினம் ஒரு ஃபைல், மொத்த அளவுக்கு ஒரு வரம்பு. இல்லைன்னா டிஸ்க் நிறைஞ்சு சர்வரே படுத்துடும்.

டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை. புராஜெக்ட் ரிவ்யூவில் அவுட்புட் ஸ்கிரீனைக் காட்டச் சொல்றீங்க. கூடவே "நேத்து ராத்திரி உன் சர்வரில் என்ன நடந்தது, லாக்கைத் திற"ன்னு ஒரு கேள்வியும் கேளுங்க, சார். எங்களை யாராவது அப்படிக் கேட்டிருந்தா, அந்தத் தங்கச்சி அன்னிக்குத் தன் பேப்பரை வாசிச்சிட்டுத் தேனி பஸ் ஏறியிருப்பாங்க.