கப்பலேறிய சிற்றூரார்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் முதன்முறையாகச் சென்னையில் உல்லாசக் கப்பலேறினோம். பாட்டியார் தம் மூட்டையைப் பணியாளரிடம் ஒப்புவிக்க மறுத்தார். விருந்து மண்டபத்து வாயிலிற் செருப்பைக் கழற்றிவைத்தார். அருகிருந்தோர் நகைத்தனர். யானும் நாணித் தலைகவிழ்ந்தேன். அந்நாணம் பிழையென்பதே இன்று எனது துணிபு.

கடற்செலவு நம் சிற்றூரார்க்குப் புதிதன்று. 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் நீராவிக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்கிடையே 1970-களின் தொடக்கம்வரை ஓடிற்று. அறையின்றித் தட்டிற் பாய்விரித்துச் சென்றோர் அதிற் பல்லாயிரவர். பிழைப்பு நாடிச் சென்ற அவருட் பலர்க்குக் கைம்மூட்டையே உடைமை அனைத்தும். அதனைக் கைவிடாமை விழிப்பேயாம். உண்ணுமிடத்திற் செருப்பை நீக்குதலோ நம் வீட்டு மரபு.

அங்ஙனமாயின் கப்பலொழுங்கைக் கற்கவேண்டாவோ எனின், கற்கவே வேண்டும். புறப்படுமுன் நடைபெறும் உயிர்காப்புப் பயிற்சியில் நகரத்தாரும் சிற்றூராரும் ஒருங்கே மாணாக்கராய் நிற்கின்றனர். அங்கே எவரும் எவரையும் நகைப்பதில்லை. ஏனைய ஒழுங்குகளையும் அவ்வாறே அன்போடு கற்பித்தல் ஆகாதோ? கல்லூரியிற் பயிலும் பேரனாகிய யான் பாட்டியாரின் அருகே நின்று சொல்லியிருத்தல் வேண்டும். நாணத்தக்கது அவர் செயலன்று, எனது வாய்வாளாமையே.