கருப்பைக் கலைத்துப் போட்டுப் பார்த்தால்...

"கொலை பண்றது யாருன்னு தெரிஞ்ச பிறகும் அதை எதுக்குடா திரும்பப் பாக்குற?" மர்மதேசம் 'விடாது கருப்பு' பற்றி நண்பர்கள் என்னைக் கேட்கிற கேள்வி இது. திரும்பப் பார்ப்பது மட்டுமில்லை, 20வது எபிசோடுக்கு அப்புறம் 7, அதற்கப்புறம் 31 என்று கலைத்துப் போட்டுப் பார்க்கிறேன் என்றால் கிறுக்கன் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முதல் தடவை பார்ப்பவர்கள் தயவு செய்து வரிசையாகவே பாருங்கள். நான் சொல்வது ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு.

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி (2024 நவம்பரில் மறைந்துவிட்டார்), நாகா இயக்கிய தொடர் அது. சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்தது. அதன் கதையே நேர்க்கோட்டில் போகாது. சிறுவன் ராஜேந்திரன் ஒரு காலத்தில், வளர்ந்த ராஜேந்திரன் இன்னொரு காலத்தில் என்று மாறி மாறி வரும். ஏற்கெனவே கலைந்த சீட்டுக்கட்டை இன்னொரு தடவை கலைப்பதில் என்ன குற்றம்? பெரியவனின் தவிப்பை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பையனிடம் போனால், இது எங்கிருந்து தொடங்கியது என்று நாமே தேட ஆரம்பித்துவிடுவோம். கொலை பின்னுக்குப் போய், தோட்டக்காரமங்கலம் என்கிற ஊரும் அதன் மனிதர்களும் முன்னுக்கு வருகிறார்கள். வெள்ளைக் குதிரை வரும்போது முதல் தடவை அடித்த 'திக்' இப்போது இல்லைதான். அந்த நஷ்டத்தை ஒத்துக்கொள்கிறேன்.

அதே நாகாவின் 'ரமணி வெர்சஸ் ரமணி'யை எந்த வரிசையிலும் பார்க்கலாம், அது காமெடி. மர்மத் தொடர் தாங்குகிறதா என்பதில்தான் விஷயம். தணிக்கையில் எல்லா வவுச்சரையும் பார்க்கமாட்டார்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவிப் பார்ப்பார்கள். உருவிய எபிசோடு தனியாக நின்றால் கணக்கு சரி. முடிவை மட்டும் நம்பி எடுத்த தொடர் என்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். (பி.காம் புத்தி, விடுங்கள் :-))

இன்னொன்று. 1990களில் இதை வாரம் ஒரு தடவை டி.வி.யில் பார்த்தவர்களில் எத்தனை பேர் வரிசையாகப் பார்த்திருப்பார்கள்? கரண்ட் போகும், விருந்தாளி வருவார். விட்டுப்போனதைப் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், அதுவும் அவர்கள் சொல்கிற வரிசையில். யூடியூபில் ஒன்றன் பின் ஒன்றாகப் பார்ப்பதெல்லாம் நமக்கு வாய்த்த வசதி. எங்கள் வெள்ளக்கடையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது, போனில் எந்த எபிசோடு இறங்கியிருக்கிறதோ அதுதான்.

அடுத்து 'இயந்திரப் பறவை'யைக் கலைக்க வேண்டும். செமஸ்டர் முடியட்டும்.