கியர்பாக்ஸுக்கும் வேர்க்கும்!

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பதினைந்து வயதான எங்கள் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி பாதியிலேயே மக்கர் செய்தது. கருகல் வாடை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமியது. பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும். ஓரங்கட்டி, ஆறவிட்டு, மெதுவாகக் கீழே இறங்கினோம்.

வில்லன், கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு. மெதுவாக மலையேறும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் சுழன்று கொதிக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் அதைக் குளிர்விப்பது ரேடியேட்டருக்குள் இருக்கும் சின்ன கூலர்தான். ரேடியேட்டர் தண்ணீரே 90 டிகிரியில் இருந்தால், ஆயில் எங்கே குளிரும்?

நல்லவேளை, உள்ளே கிளட்ச் தகடுகள் பிழைத்திருந்தன. மெக்கானிக் ஆயிலை மாற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் காற்று படும் இடத்தில் தனி கூலர் பொருத்தினார். ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் லைனில் இணைப்பு.

நீங்களும் மாட்டுவதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஹோஸ், கியர்பாக்ஸ் ஆயிலையும் அதன் சூட்டையும் தாங்கும் ரகமாக இருக்கட்டும். தண்ணீர் ஹோஸ் வேண்டாம். கூலரை ரேடியேட்டரோடு டேக் போட்டுக் கட்டாமல், பிராக்கெட்டில் பொருத்தச் சொல்லுங்கள். கூலருக்குள்ளும் ஆயில் போகும் என்பதால், மாட்டிய பிறகு லெவலைப் பார்த்து ஊற்றுங்கள்.

ஏற்கெனவே கியர் வழுக்கும் வண்டிக்கு கூலர் மருந்தல்ல; முதலில் கியர்பாக்ஸைக் காட்டுங்கள். ஆயில் ரோஸ்மில்க் போல மாறியிருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். வண்டியை ஓட்டவே கூடாது.

அடுத்த முறை 70 வளைவுகளும் ஏறிவிட்டோம். மேலே போனதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: “இதை முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல?”