சுருட்டுக்கு இலக்கணம் எழுதும் சார்களே!

கொஞ்ச வருஷமாக இந்த குர்காவ்ன் பக்கத்துப் பெரிய மேனேஜர்களுக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. கைக்கு சிகார் வந்ததும் வாய்க்கு உபதேசம் வந்துவிடுகிறது. "எழுபது பர்சன்ட் ஈரப்பதத்தில் வைக்காதது சிகாரே இல்லை." "அஞ்சு வருஷமாவது பழசாகாததை நான் தொடமாட்டேன்." "வெட்டத் தெரியாதவன் கையில் சிகாரைக் கொடுக்கவே கூடாது." கேட்கிற ஜூனியர் பசங்களும் ஏதோ உபநிஷத்து கேட்கிற மாதிரி தலையாட்டுகிறார்கள்.

ஒருத்தர் தனக்கு இப்படித்தான் பிடிக்கும் என்றால் சந்தோஷம், நன்றாக இருக்கட்டும். அதையே விதி என்று ஆக்கி, விதி தெரியாதவனைப் பட்டிக்காட்டான் என்று ஓரங்கட்டும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வேறு உறையூர்க்காரன். விடுவேனா? ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

விதி 1: எழுபது பர்சன்ட்

ஹ்யூமிடர் என்கிற அந்த மரப்பெட்டி எதற்கு? க்யூபா மாதிரி ஈரமான ஊரில் சுற்றிய சுருட்டை, குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வறண்டு கிடக்கும் லண்டன், நியூயார்க் வீடுகளில் வைத்தால் காய்ந்து நொறுங்கிவிடும். அதனால் பெட்டிக்குள் ஈரம் கொடுத்து வைக்கிறார்கள். நியாயம்தான். டெல்லியில் மே மாதம் லூ அடிக்கிற மதியத்தில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே கூடப் போகும். இங்கேயும் அந்தப் பெட்டி வேண்டியதுதான்.

அதே பெட்டியை ஜூலை மாத மும்பைக்குக் கொண்டு போங்கள். அங்கே காற்றே 85 சதவீதத்தில் நிற்கிறது. இன்னும் ஈரம் கொடுத்தால் சுருட்டின் மேல் பூஞ்சணம்தான் பூக்கும். அங்கே ஈரத்தை வெளியே நிறுத்துவதுதான் வேலை.

சூடு இன்னொரு பிரச்சினை. இலைக்குள் முட்டையாக ஒளிந்திருக்கும் புகையிலை வண்டு, 25 டிகிரிக்கு மேல் போனால் பொரிந்து கிளம்பிவிடும். அரிசியை வண்டு துளைத்த மாதிரி சுருட்டு பூராவும் ஊசி ஊசியாக ஓட்டை. அதை வைத்துக்கொண்டு புல்லாங்குழல்தான் வாசிக்கலாம் :-) சனி, ஞாயிறு ஆபீஸ் ஏசியை நிறுத்தினால் கேபினில் இருக்கிற அந்த அழகான பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று எந்த சாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த எழுபதாவது வேதவாக்கா? அவ்வளவு ஈரத்தில் ஒழுங்காக எரியாது, அடிக்கடி அணையும் என்று 62, 65 என்று வைத்துக்கொள்கிறவர்கள் வெளிநாட்டிலேயே நிறைய.

விதி 2: பழசுதான் உசத்தி

சுருட்டு இலை வயலிலிருந்து நேராக உங்கள் பெட்டிக்கு வருவதில்லை. பறித்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பிறகு குவியலாக அடுக்குகிறார்கள். குவியலுக்குள் சூடேறி இலை புளிக்கிறது. அமோனியா வெளியேறுகிறது, காட்டம் குறைகிறது. சூடு எல்லை மீறினால் குவியலைப் பிரித்து, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்து மறுபடி அடுக்க வேண்டும். அதற்கப்புறம் மாதக்கணக்கில், சில இலைகளுக்கு வருஷக்கணக்கில், மூட்டையில் ஓய்வு. பழசாக்குகிற வேலையில் பெரும்பங்கு அந்தக் குவியல் பக்கத்தில் வேர்த்து நின்றவருடையது. பெட்டியை ஐந்து வருஷம் திறந்து மூடியதற்கு சார்கள் பட்டம் வாங்கப் பார்க்கிறார்கள்.

பெட்டியில் வைத்தால் ருசி மாறும், மறுக்கவில்லை. காட்டமான சுருட்டு கொஞ்சம் சாந்தமாகும். மென்மையான சுருட்டை அதே மாதிரி வருஷக்கணக்கில் வைத்தால் சப்பென்று போய்விடும். ஊறுகாய் ஊறினால்தான் ருசி என்பவர் உண்டு, அன்றைக்கு அரிந்த மாங்காயில் உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு அப்படியே தின்பவரும் உண்டு. லண்டன் வியாபாரிகள் வருஷக்கணக்கில் முதிரவிட்டு விற்றார்கள். அது அந்த ஊர்ப் பணக்காரர்களின் நாக்கு. ஹவானாவில் சுருட்டு சுற்றுகிற தொழிலாளி அன்றைக்குச் சுற்றியதையே எடுத்துப் பற்ற வைக்கிறார். அவருக்குச் சுருட்டு தெரியாது என்று சொல்லிப் பாருங்களேன்.

விதி 3: வெட்டு

இதில் உண்மையான விஷயம் ஒன்றே ஒன்றுதான். சுருட்டின் தலையில் ஒரு சின்ன இலைத்துண்டைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ரொம்பக் கீழே வெட்டினால் மேல் இலை முழுசும் பிரிந்துகொண்டு வரும். அதனால் நுனியில் மட்டும் லேசாக வெட்ட வேண்டும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

மற்றதெல்லாம் அவரவர் சௌகரியம். நேராக வெட்டினால் புகை தாராளமாக வரும். வட்டமாக ஓட்டை போடுகிற கருவி என்றால் புகை ஓர் இடத்தில் குவியும், ஓட்டை ஓரத்தில் தார் சேர்ந்து கசக்கும், கூர்மையான தலை உள்ள சுருட்டுக்கு அது சரிவரவும் வராது. இந்த சார்கள் மூச்சுக்கு மூச்சு பெயர் சொல்கிற சர்ச்சில், கட்டரையே அவ்வளவாக மதிக்காதவர். நீளமான தீக்குச்சியால் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.

நம் ஊர்ச் சுருட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. இரண்டு பக்கமும் நறுக்கியேதான் கைக்கு வரும். எடுத்தோமா, பற்றவைத்தோமா.

சரி, கல்ச்சருக்கு வருவோம். இங்கிலீஷில் செரூட் என்கிறார்களே, அந்த வார்த்தையே நம் சுருட்டு. 1887ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது திருச்சி சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். கருப்பசாமிக்குப் படைக்கிற சுருட்டை எந்த ஹ்யூமிடரில் வைத்தார்கள்? சாமி கட்டர் கேட்டாரா? எங்கள் ஊரில் வெற்றிலைக் கடை டப்பாவிலிருந்து எடுத்துப் பிடிக்கிற கிழவர் அநாகரிகம், ஹோட்டல் லௌஞ்சில் பல ஆயிரம் கொடுத்துப் பிடிக்கிறவர் ரசிகர். இரண்டும் புகையிலை இலைதானே ஐயா?

சட்டமும் இதில் பணக்காரன் பக்கம்தான் சாய்ந்தது. 2008 அக்டோபர் 2ல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தபோது, 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டலும் 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் ரெஸ்டாரண்டும் தனி அறை கட்டிக்கொள்ளலாம் என்று வழி விட்டார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு 200 ரூபாய் அபராதம்.

என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீஸில் யாருக்கு எந்த ப்ராஜக்ட் என்பது மீட்டிங் ரூமில் முடிவாகாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் இந்தப் புகை அறையில்தான் முடிவாகும். டீமில் இருந்த பெண்கள் யாரும் அங்கே போகமாட்டார்கள். போகாததால் நல்ல வேலை ஒன்றும் அவர்களுக்கு வராது. அதுவரை சிகரெட் கூடத் தொடாத ஒரு பையன், பாஸ் பக்கத்தில் உட்காருவதற்காகவே வெட்டவும் பற்றவைக்கவும் கற்றுக்கொண்டான். இந்த 'இலக்கணம்' கடைசியில் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதற்கான வாசல் பூட்டு.

அந்தப் பையனுக்கு சார் சொன்ன தைரியம்: "உள்ளே இழுக்காதே, ஒன்றும் ஆகாது." சுத்தப் பொய். ஒரு பெரிய சிகாரில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கும். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றிலும் புற்றுநோய் வரலாம். ஆந்திராவின் வட கடலோரத்தில் பெண்கள் 'சுட்டா' என்கிற சுருட்டை எரிகிற முனை வாய்க்குள் இருக்கும்படி பிடிப்பார்கள். அவர்களுக்கு மேல்வாயில் வருகிற புற்றுநோயைப் பற்றி டாக்டர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஈரப்பத சதவீதம் மனப்பாடமாகத் தெரிகிற சார்களுக்கு இது மட்டும் ஞாபகத்தில் நிற்பதில்லை.

என் ருசி என்ன என்று கேட்பீர்கள். சின்ன சைஸ், அரை மணியில் முடிகிற மாதிரி. பெட்டியில் ஒரு வருஷத்துக்கு மேல் வைக்கமாட்டேன். நேர் வெட்டு. கூட விஸ்கி வேண்டாம், சர்க்கரை இல்லாத டிகாஷன் போதும். டிசம்பர் குளிரில் மொட்டை மாடியில் தனியாக, மாசத்துக்கு ஒன்று. ஊருக்குப் போனால் உறையூர்ச் சுருட்டு, காய்ந்து, தொண்டையைப் பிடிக்கிற காட்டத்தோடு. இதில் யாருக்கும் சிபாரிசு கிடையாது. பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

சார்களுக்கு ஒரே விண்ணப்பம். பெட்டியை எழுபதில் வையுங்கள், ஐம்பது வருஷம் பழசாக்குங்கள், தங்கக் கத்தரியால் வெட்டுங்கள். ப்ராஜக்டை மட்டும் மீட்டிங் ரூமில், எல்லாரையும் வைத்துக்கொண்டு பிரித்துக் கொடுங்கள்.