மலைப்பாதையில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி



நீங்கள் கொல்லிமலைக்குச் சென்றிருக்கிறீர்களா? நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் நம்மை மேலே கொண்டு சேர்க்கும். மிளகுக் கொடியும் பலா மரமும் வாழைத் தோட்டமும் நிறைந்த மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மண். ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்பு, எங்கள் மத்ரஸாவின் மூத்த மாணவர்களை ஒரு நாள் அங்கே அழைத்துச் சென்றேன். அருவி காணச் சென்ற அப்பயணத்தில் ஆசிரியனாகிய நான் ஒரு பாடம் கற்றுத் திரும்பினேன். அதைத்தான் இம்மாதம் உங்களிடம் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வேன் வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. மாணவர்கள் பைத்து பாடினார்கள். சிலர் தலை சுற்றுகிறதென்று கண்களை மூடிக்கொண்டார்கள். ஒரு மாணவன் மட்டும் காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு தன்னை மறந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். பகலில் கல்லூரியிலும் மாலையில் மத்ரஸாவிலும் பயிலும் பிள்ளை அவன். பாட்டுத்தான் கேட்கிறானோ என்று எண்ணி, "என்ன தம்பி கேட்கிறாய்?" என்றேன்.

"வரலாறு, ஹஜ்ரத். ஆங்கிலத்தில் வரும் பாட்காஸ்ட். பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன் நடத்திய போர்கள் எல்லாவற்றையும் வாரா வாரம் சொல்கிறார்கள். மலைமேல் சிக்னல் கிடைக்காதே என்று முன்பே இறக்கி வைத்துக்கொண்டேன்" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "ஹஜ்ரத், ஒரு சந்தேகம். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?" என்றான்.

கேள் என்றேன்.

"நெப்போலியன் இஸ்லாத்தைத் தழுவினார் என்று நீங்கள் ஒரு மீலாது மேடையில் பேசினீர்கள். சிறுவனாக முன்வரிசையில் அமர்ந்து கேட்டேன். இவர்கள் அப்படி இல்லை என்கிறார்களே?"

வாசகர்களே! வேனின் இரைச்சலையும் மீறி அக்கேள்வி என் நெஞ்சில் தைத்தது. ஆம், நான் பேசியது உண்மை. எவரோ எழுதியதை வாசித்தேன், அது இனித்தது, மேடையில் முழங்கினேன். மக்கள் தக்பீர் முழங்கினார்கள். எவர் சொன்னார், எதைக்கொண்டு சொன்னார் என்று நான் விசாரிக்கவே இல்லை. ஹதீஸ் பாடத்தில் அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொரு பெயராக நிறுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் நான், மேடையேறியதும் அந்தத் தராசைக் கீழே வைத்துவிட்டேன்.

உண்மை என்ன? 1798 ஜூலை மாதத் தொடக்கத்தில் நெப்போலியன் பெரும் படையுடன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இறங்கினார். இறங்கியதும் அரபு மொழியில் ஓர் அறிவிப்பை அச்சிட்டு ஊரெங்கும் பரப்பினார். தாம் அல்லாஹ்வை வணங்குபவரென்றும், நபிகள் நாயகத்தையும் (ஸல்) குர்ஆனையும் மதிப்பவரென்றும், மம்லூக்குகளின் கொடுமையிலிருந்து மக்களை மீட்கவே வந்திருப்பதாகவும் அதில் கூறிக்கொண்டார்.

அந்த அறிவிப்பை அன்றே எடைபோட்ட ஒருவர் கெய்ரோவில் இருந்தார். அவர் அல் அஸ்ஹரில் பயின்ற மார்க்க அறிஞர், வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல் ஜபர்த்தீ (ரஹ்). அறிவிப்பை வரி வரியாகப் பிரித்து, எது பொய், எது பசப்பு என்று எழுதிவைத்தார். அதிலிருந்த அரபு இலக்கணப் பிழைகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை! அவ்வாண்டு அக்டோபரில் கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது பிரெஞ்சுப் பீரங்கிகள் அல் அஸ்ஹரை நோக்கி முழங்கின; குதிரைப்படை பள்ளிவாசலுக்குள்ளேயே புகுந்தது. அடுத்த ஆண்டு யாஃபா நகரில் சரணடைந்த கைதிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தம்மை நபிகளாரின் நேசர் என்று சொல்லிக்கொண்டவரின் ஆணைப்படியே அது நடந்தது. பின்னாளில் அவரே, எகிப்தில் முஸ்லிமாக நடந்துகொண்டது ஆட்சியை நிலைநாட்டுவதற்கான வழி என்ற பொருளில் தம் ஆலோசகர்களிடம் பேசியிருக்கிறார். உண்மையில் இஸ்லாத்தை ஏற்று, அப்துல்லாஹ் எனப் பெயர் சூடி, எகிப்தியப் பெண்ணை மணந்தவர் அவருடைய தளபதிகளுள் ஒருவரான மெனூ என்பவர்.

"அப்படியானால் ஹஜ்ரத், திப்பு சுல்தானுக்கு அவர் எழுதிய கடிதமும் பொய்தானா? அந்தக் கடிதம் மட்டும் வந்து சேர்ந்திருந்தால் நம் நாடே மாறியிருக்காதா?" என்று அடுத்த கேள்வியைத் தொடுத்தான் மாணவன். இம்முறை அவன் குரலில் ஐயத்தைவிட ஏக்கமே மிகுந்திருந்தது. வேனில் இருந்த மற்றப் பிள்ளைகளும் பாட்டை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

கடிதம் மெய்தான். 1799 ஜனவரி இறுதியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் அதை எழுதினார். எண்ணற்ற, வெல்ல முடியாத படையுடன் செங்கடல் கரைக்கு வந்துவிட்டதாகவும், ஆங்கிலேயரின் இரும்பு நுகத்திலிருந்து திப்புவை விடுவிக்க விரும்புவதாகவும் அதில் தெரிவித்தார். மக்காவின் ஷரீஃபுக்கு எழுதிய மடலுடன் அனுப்பப்பட்ட அக்கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது.

ஆனால், அது வந்து சேர்ந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும்? சற்றே நிதானித்துப் பாருங்கள். கடிதம் எழுதப்படுவதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பே, 1798 ஆகஸ்ட் 1ஆம் நாள், அபூகீர் விரிகுடாவில் நெப்போலியனின் கப்பற்படையை நெல்சன் அழித்துவிட்டார். கப்பல் இல்லாத படை கடல் கடந்து எப்படி வரும்? பிரெஞ்சுக்காரரிடமிருந்து திப்புவுக்கு அந்நேரத்தில் உண்மையாகவே வந்து சேர்ந்த உதவி, மொரீஷியஸ் தீவிலிருந்து 1798இல் மங்களூரில் இறங்கிய ஏறக்குறைய நூறு தொண்டர்கள் மட்டுமே. அந்த நூறு பேருக்காக மொரீஷியஸ் ஆளுநர் வெளியிட்ட பகிரங்க அறிவிப்பையே சாக்காக வைத்து, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி திப்புவின்மீது போர் தொடுத்தார். வாக்குறுதியால் விளைந்த நன்மை சிறிது, தீமையோ பெரிது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாயிலருகே போரிட்டபடி திப்பு ஷஹீதானார். அதே நாளில் நெப்போலியன் பாலஸ்தீனத்தின் அக்கா கோட்டையைப் பிடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதம் தம் படையை எகிப்திலேயே விட்டுவிட்டு அவர் பிரான்சுக்குக் கப்பலேறினார்.

வளைவுகளின் இடையே கீழே பார்க்கச் சொன்னேன். சேந்தமங்கலத்துச் சமவெளி பசுமையாய் விரிந்து கிடந்தது. இந்த மண்ணும் ஒரு காலத்தில் மைசூர் ஆட்சியின்கீழ்தான் இருந்தது என்று சொன்னபோது பிள்ளைகள் வியந்தார்கள். 1792 மார்ச் மாதம் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் செலுத்த ஒப்பினார். சிறுவர்களான இரு மைந்தர்களைப் பிணையாக அனுப்பினார். சேலமும் நாமக்கல்லும் பாராமகாலும் கும்பெனியின் கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி விதித்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை இப்பகுதியில்தான் உருப்பெற்றது. பாரிஸில் அரசனின் தலை உருண்டதற்கு முந்திய ஆண்டிலேயே இந்தச் சமவெளியின் உழவனுக்கு எசமானன் மாறிவிட்டான். அருகிலுள்ள சங்ககிரிக் கோட்டையில் 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு, 1806 ஜூலை 10ஆம் நாள், திப்புவின் மக்கள் சிறைவைக்கப்பட்டிருந்த வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சமயச் சின்னங்களையும் தாடியையும் தலைப்பாகையையும் பற்றிய புதிய கட்டளைகள் இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒருங்கே புண்படுத்தியிருந்தன. அந்தக் கிளர்ச்சி ஒரே நாளில் இரத்தத்தில் அடக்கப்பட்டது.

இத்தனையும் கேட்ட மாணவன், "அப்படியென்றால் திப்பு ஏமாந்தாரா, ஹஜ்ரத்?" என்றான்.

"அவர் வீரர், அறிவாளி. இரும்புக் குழாயில் மருந்தடைத்த அவருடைய ஏவுகணைகளைக் கண்டு வியந்த ஆங்கிலேயர், அவற்றை மாதிரியாகக் கொண்டு தாங்களும் செய்து, நெப்போலியனுடைய காலத்துப் போர்களிலேயே பயன்படுத்தினார்கள். மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, மடத்தைச் சீரமைக்கப் பொருள் அனுப்பியவர் திப்பு. குடகிலும் மலபாரிலும் அவருடைய படை காட்டிய கடுமையும் வரலாற்றில் இருக்கிறது. நிறையைச் சொல்லும் வாய் குறையையும் சொல்ல வேண்டும். தொலைவில் இருப்பவனின் வாக்குறுதியை நம்பி அருகில் இருப்பவர்களின் நட்பை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவர் வரலாறு பாடம். 1799இல் ஹைதராபாத் நிஜாமின் படை ஆங்கிலேயருடன் சேர்ந்து வந்தது என்பதை மறவாதே" என்றேன்.

செம்மேடு வந்தது. தேநீர்க் கடையில் அனைவரும் அமர்ந்ததும், மாணவர்கள் முன்னிலையில் சொன்னேன்: "பிள்ளைகளே! அன்று மேடையில் நான் சொன்னது ஆதாரமற்றது. இவன் கேட்டது சரி." தேநீர்க் குவளையைப் பிடித்திருந்த அந்த மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்ததைக் கண்டேன். என் மதிப்பு குறையும் என்று அஞ்சியிருந்தேன். இறங்கும்போது அவன் வந்து என் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டான்.

அன்பு வாசகர்களே! பகிரங்கமாகச் செய்த தவறைப் பகிரங்கமாகவே திருத்த வேண்டும் என்பது நம் மார்க்க அறிஞர்களின் போதனை. அந்த மீலாது கூட்டத்தில் இருந்தவர்கள் எவரேனும் இப்பக்கத்தை வாசித்தால், இதையே என் திருத்தமாக ஏற்றுக்கொள்ளுங்கள். நான் சொன்னதை நம்பி வேறெங்கும் சொல்லியிருந்தால், அங்கும் திருத்திச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டிருந்தால் உடனே சினந்துவிடாதீர்கள். என்ன கேட்கிறாய் என்று அன்புடன் விசாரியுங்கள். நல்ல வரலாற்றைக் கேட்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. அதே சமயம், ஆங்கிலத்தில் வந்துவிட்டது என்பதற்காக எல்லாம் உண்மையாகிவிடாது. நம்மவர் சொன்னார் என்பதற்காகவும் உண்மையாகிவிடாது. சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் அவர் அடையும் ஆதாயம் என்ன? இம்மூன்றையும் கேட்கப் பழக்குங்கள். வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இதே அளவுகோல்தான். செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பதும், ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பதும் திருமறையின் கட்டளைகள். அந்தப் பகைக்குச் சொன்ன விதி பாசத்துக்கும் பொருந்தும். அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் கலையை உலகுக்குச் செம்மையாகக் கற்றுத் தந்த சமுதாயம் நாம். அக்கலையை நம் வீட்டுத் திண்ணையிலேயே நாம் தொலைத்துவிடலாமா?

அல் ஜபர்த்தீயை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரரின் பொய்யைப் பொய் என்று எழுதிய அதே பேனாதான், அவர்களுடைய நூலகத்தையும் ஆய்வுக் கருவிகளையும் வியந்து எழுதியது. அவர்களுடைய தளபதி க்ளெபரைக் கொன்ற இளைஞரைக்கூட உடனே வெட்டிவிடாமல் விசாரித்தார்கள் என்பதையும் பதிவு செய்தது. பகைவனிடமும் உள்ளதை உள்ளபடி சொன்ன நேர்மை அது.

வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் உண்மையை உண்மையாகக் காட்டி, அதைப் பின்பற்றும் பேற்றையும், பொய்யைப் பொய்யாகக் காட்டி, அதிலிருந்து விலகும் பேற்றையும் தந்தருள்வானாக! ஆமீன்.