ஒரே மலை, இரண்டு ஊதா தவளை: தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பது ஏன் தனி இனம்?

உப்பிய உடல், கூரான மூக்கு, குட்டிக் கால்கள். மண்ணுக்கு அடியில் கரையான் தின்று வாழும். இனப்பெருக்கத்துக்காக மட்டும் மழைக்காலத்தில் சில நாள் வெளியே தலைகாட்டும். இதுதான் ஊதா தவளை. 2003-ல் கேரளத்தின் இடுக்கியிலிருந்து இதை ஆய்வாளர்கள் அறிவித்தபோது, வகைப்பாட்டில் இதற்கென ஒரு புதுக் குடும்பத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. இதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் இருப்பது எங்கே தெரியுமா? கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில்!

2017-ல் இரண்டாவது இனம் வந்தது. இந்த முறை இடம், நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம். பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. கோவை சலீம் அலி மையத்தின் ஊர்வன ஆய்வாளர் எஸ்.பூபதி, 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்தார். அவர் நினைவாக வைத்த பெயர் இது.

பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதானே, எதுக்கு தனி இனம்? உடலமைப்பில் வித்தியாசம் இருக்கு, கூப்பிடும் சத்தம் வேற, டி.என்.ஏ-வும் வேற. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது மழைக் கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நம்பி இருக்கிறது. அங்குள்ள தவளை அந்த மழையை ஒட்டித்தான் இணை சேரும். மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. இங்கே ஓடைகள் பெருகி ஓடுவது ஐப்பசி, கார்த்திகையில். பூபதி தவளை இணை சேர்வதும் இந்த வடகிழக்குப் பருவமழையில்தான். நடுவில் மலை, அதோடு சீசனும் வேற. அப்புறம் ரெண்டும் எங்கே சந்திப்பது?

இதெல்லாம் வெறும் பெயர்ப் பஞ்சாயத்து இல்லை. ஒரே இனம் என்றால், 'இங்கே அழிந்தாலும் கேரளத்தில் இருக்கே' என்று சொல்லிவிடலாம். தனி இனம் என்றால் அந்தச் சமாதானம் செல்லாது. ஸ்ரீவில்லிபுத்தூர் காடு 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆகியிருப்பது நல்ல விஷயம். ஆனால் இதன் தலைப்பிரட்டைகள், பாய்ந்தோடும் தண்ணீரில் பாறையை வாயால் கவ்வி ஒட்டிக்கொண்டு வளர்பவை. மழைக்காலத்தில் ஓடையை மறித்துத் தண்ணீரைத் திருப்பினால் அந்த வருஷத் தலைமுறையே போச்சு.

இன்னொன்று: கேரளக் காலண்டரைப் பார்த்து ஜூனில் இங்கே சர்வே எடுத்தால், மண்ணுக்கடியில் இருக்கும் தவளை கண்ணில் படாது. 'இங்கே எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் எழுதிவிடலாம்.