உடலும் நலமும்: ஞானப் பல்லை எடுப்பதா, விடுவதா?



ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் தாதியரான எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “அக்கா, பல் டொக்டர் ஞானப் பல்லை எடுக்கச் சொல்லுறார், அம்மா வேண்டாம் எண்டுறா. என்ன செய்யிறது?” இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம். உங்கள் அம்மா அப்பாவோடு சேர்ந்து வாசித்தால் இன்னும் நல்லது.

ஞானப் பல் என்பது கடைசிக் கொடுப்புப் பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு இருக்கலாம். சிலருக்கு ஒன்றிரண்டு உருவாகுவதே இல்லை. தாடையில் இடம் போதுமானால் அது நேராக முளைத்து மற்றப் பற்களைப் போல வேலை செய்யும். இடம் இல்லாவிட்டால் சரிந்து நிற்கும், பாதி வெளியே வந்து நின்றுவிடும், அல்லது எலும்புக்குள்ளேயே கிடக்கும்.

உறவினரைக் கேட்டால் குழப்பம் கூடும். கனடாவிலுள்ள மச்சாளுக்கு 17 வயதிலேயே நான்கையும் எடுத்திருப்பார்கள். லண்டனிலுள்ள மச்சானுக்கு “வருத்தம் தராவிட்டால் விடு” என்றிருப்பார்கள். இரு நாடுகளின் வழக்கமும் வேறு. பிரித்தானியாவில் நைஸ் என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டு மார்ச்சில், நோய் எதுவும் இல்லாத ஞானப் பல்லை வெறும் முன்னெச்சரிக்கைக்காக எடுப்பதை நிறுத்தச் சொன்னது. வட அமெரிக்காவில் முன்கூட்டியே எடுத்துவிடும் பழக்கம் நீண்டகாலமாக உண்டு; அங்கேயே 2007இல் ஜே ஃபிரீட்மன் என்ற பல் வைத்தியர் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஆகவே மச்சாளின் பல்லுக்குச் சரியானது உங்கள் பல்லுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான்கு பல் இருந்தால் நான்குக்கும் தனித்தனியாகவே முடிவெடுக்க வேண்டும்.

எடுக்க வேண்டிய காரணங்கள் எவை? பாதி முளைத்த பல்லின் மேல் முரசு ஒரு மூடியைப்போலக் கிடக்கும். அதன் கீழே உணவு தங்கி, கிருமி பெருகி, வீங்கி, வாய் திறக்க முடியாமல் போகும். இது திரும்பத் திரும்ப வந்தால் பல்லை எடுப்பதே நல்லது. அடைக்க முடியாத சூத்தை, பக்கத்துக் கொடுப்புப் பல்லை அரிக்கும் நிலை, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி ஆகியவையும் தெளிவான காரணங்கள். பக்கத்துப் பல் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் பல் என்பதை மறக்கக்கூடாது.

காரணம் ஆகாதவையும் உண்டு. “ஞானப் பல் தள்ளி முன்பல் கோணலாகிவிடும்” என்று பலர் சொல்வார்கள். ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. கம்பி கட்டி நேராக்கிய பல்லைக் காக்க வேண்டும் என்பதற்காக மட்டும் எடுக்கச் சொன்னால், வேறு காரணமும் உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு பயம் இருக்கிறது: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது. பார்வையைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, பல்லின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. பல் எடுத்ததால் பார்வை மங்காது. அம்மம்மாவிடம் சிரிக்காமல், பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் பயப்படுவது உங்கள் மேலுள்ள அன்பினால்தான்.

உண்மையாக யோசிக்க வேண்டிய ஆபத்து கீழ்த்தாடையில் இருக்கிறது. கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தரும் நரம்பு ஞானப் பல்லின் வேருக்கு அருகே ஓடுகிறது. நாக்கின் நரம்பும் தூரத்தில் இல்லை. அவை அடிபட்டால் மரத்துப் போகும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். மிகச் சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். ஆகவேதான் முதலில் பனொராமிக் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வேர் நரம்பைத் தொடுவதுபோலத் தெரிந்தால் முப்பரிமாணப் படம் கேட்பார்கள். சில வேளை வேரை விட்டுவிட்டுப் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுப்பதும் உண்டு.

அடுத்தது, எப்போது? எடுக்கத்தான் வேண்டும் என்று தெளிவானால் இருபதுகளின் நடுவுக்கு முன் எடுப்பது பொதுவாக இலகு. வேர் முழுதாக வளர்ந்திராது, எலும்பு இறுகியிராது, புண் விரைவாக ஆறும். ஆனால் நோயில்லாத பல்லை “பிறகு கஷ்டம்” என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்பட்டு எடுக்கவும் தேவையில்லை. வருடாவருடம் காட்டிக் கண்காணிப்பதும் ஒரு சிகிச்சைதான். அப்படி விடுவதென்றால் கண்காணிப்பை விடக்கூடாது.

நாள் குறிக்கும்போது பரீட்சையைப் பாருங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும்; ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். பாக் பரீட்சைக்கு முந்திய வாரம் வேண்டாம். பள்ளி விடுமுறையின் தொடக்கம் நல்லது. ஓகஸ்டில் ஊருக்குப் பறப்பதற்கு முதல் நாளும் வேண்டாம். “ஊருக்குப் போய்ப் பிடுங்குவம், மலிவு” என்பவர்கள் யோசிக்க வேண்டியது: பிறகு புண் பழுத்தால் பார்ப்பது யார்? திட்டமிட்டு ஐரோப்பாவுக்கு வெளியே செய்த சிகிச்சைக்கு இங்குள்ள காப்புறுதி பொதுவாகப் பணம் தராது. திருமணமாகிக் குழந்தைக்கு ஆயத்தமாகும் தங்கைகள், அடிக்கடி தொல்லை தரும் பல்லை முன்பே காட்டிக்கொள்வது நல்லது. கர்ப்ப காலத்தில் எந்த மருந்து கொடுக்கலாம் என்பதையும் பார்க்கவேண்டி வரும்.

செலவைப் பற்றியும் பேசுவோம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்ன உவமை நமக்குத் தெரியும். ‘எம் தே தொன்’ என்ற பல் பரிசோதனைத் திட்டம் 2025 ஏப்ரலிலிருந்து 3 முதல் 24 வயது வரை ஒவ்வொரு வருடமும் கிடைக்கிறது. பரிசோதனைக்கு முற்பணம் கொடுக்கத் தேவையில்லை. அமெலி கணக்கைத் திறந்து பாருங்கள். பல் சிகிச்சைக்கு அரச காப்புறுதி அடிப்படைக் கட்டணத்தில் 60 வீதம் தருகிறது. மீதிக்கு மியூத்துவல் வேண்டும். சில நிபுணர்கள் அடிப்படைக் கட்டணத்துக்கு மேலே வாங்குவார்கள். எழுத்தில் ‘டெவி’ வாங்கி, மியூத்துவலுக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு நாள் குறியுங்கள்.

பெரும்பாலான ஞானப் பற்களை வாயை மட்டும் விறைக்க வைத்தே எடுக்கலாம். முழு மயக்கம் என்றால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் மயக்க மருந்து வைத்தியரைச் சந்திக்க வேண்டும். அன்று வீட்டுக்குக் கூட்டிச்செல்ல ஒரு பெரியவர் வேண்டும். 18 வயதுக்குக் கீழானவர்களுக்குப் பெற்றோரின் கையொப்பமும் தேவை. பெற்றோருக்காகப் பிரெஞ்சு மொழிபெயர்க்கும் பிள்ளைகளே, ஆபத்து பற்றிய பகுதியைச் சுருக்காமல் முழுவதும் சொல்லுங்கள். அவர்கள் விளங்கிக் கையொப்பமிட வேண்டும்.

எடுத்த பிறகு: கொடுத்த துணியைக் கடித்துக்கொண்டிருங்கள். கன்னத்தில் ஐஸை விட்டுவிட்டு வையுங்கள். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்க வேண்டாம், ஸ்ட்ரோவில் உறிஞ்ச வேண்டாம். இரத்தக் கட்டி கழன்றால் எலும்பு வெளித்தெரிந்து கடும் வலி வரும். புகைப்பவருக்கு இது கூட வருகிறது. ஆறிய கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம், தயிர் நல்லது. மிளகாய்த்தூள் கறி சில நாள் பொறுக்கட்டும்.

கடைசியாக, நாங்கள் மிகவும் கவலைப்படும் விடயம். லாச்சப்பலில் வாங்கிய கராம்பை வைத்தால் வலி சற்று மரக்கும், கிருமி போகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த மிச்ச அன்டிபயோட்டிக்கை ஆளுக்கு இரண்டாகப் பகிர வேண்டாம். டொலிப்ரானும் டஃபல்கானும் ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். பல் வீங்கியிருக்கும்போது வைத்தியரைக் கேட்காமல் இபுப்ரோஃபென் போடவும் வேண்டாம். இபுப்ரோஃபெனும் கீட்டோப்ரோஃபெனும் சில கிருமித்தொற்றுகளை மோசமாக்கலாம் என்று பிரெஞ்சு மருந்துப் பாதுகாப்பு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. பல் எடுத்த பின் வைத்தியரே எழுதித் தந்தால் அது வேறு.

காய்ச்சலோடு வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினால், விழுங்க முடியாவிட்டால், மூச்சு விடக் கஷ்டமானால், திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். உடனே 15ஐ அழையுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது இந்த நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: இந்தப் பல்லை ஏன் எடுக்க வேண்டும்? எடுக்காவிட்டால் என்ன நடக்கும்? நரம்பு எவ்வளவு கிட்ட இருக்கிறது? ஆறு மாதம் பொறுத்தால் ஏதாவது மாறுமா? பதில் விளங்காவிட்டால் இன்னொருமுறை கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அடுத்த இதழில் சந்திப்போம்.